வேலையும் மனநிறைவும்

பினாங்கில் 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கப்பட்ட பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்த நம் பெற்றோர் தலைமுறைக்கு, மாதம் தவறாமல் வரும் சம்பளமும் பிள்ளைகளின் படிப்பு தடைப்படாமல் இருப்பதுமே மகிழ்ச்சி. அதை யாரும் சிறிதாக எண்ணக் கூடாது.

இப்போது என் அண்ணன் மகள், அதே வட்டாரத்தில் தான் பார்க்கும் பொறியாளர் வேலையை விட்டுவிட்டு, தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்புகிறாள். சம்பளம் குறையுமே என்று அண்ணி கலங்குகிறார். வீட்டுக் கடன் இன்னும் முடியாத நிலையில் அந்தக் கலக்கம் நியாயமானதே. ஆனாலும், சனிக்கிழமைகளில் பட்டர்வொர்த்தில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவள் முகத்தில் தெரியும் நிறைவை நான் பார்த்திருப்பதால், உறுதியாக அவள் பக்கமே நிற்கிறேன். கடனில் ஒரு பங்கை நான் ஏற்பதாக அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவள் தயங்காமல் விண்ணப்பிக்கட்டும்.