பிளாஸ்டிக் இல்லாமல் டீலர் மீட்டிங்: எங்கெல்லாம் மாட்டிக்கொள்வீர்கள்

கோவையில் எங்கள் பம்ப் கம்பெனியின் டீலர் மீட்டிங் போன வாரம் முடிந்தது. பகலில் மண்டபத்தில் கூட்டம், இரவு ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் விருந்து. முந்நூறு பேர். பிளாஸ்டிக் குப்பையே சேரக் கூடாது என்று எம்.டி. சொல்லிவிட்டார், பொறுப்பு என்னிடம் வந்தது. நல்லபடியாக முடித்தோம், ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை.

சென்னை டீலர்களைச் சேரன் எக்ஸ்பிரஸில் வரவைத்தது, மதுரைக்காரர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றியது, காடாத்துணியில் பேனர் எழுதியது எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன.

முதல் சண்டை தண்ணீர் பாட்டிலுக்கு. மண்டப பேக்கேஜிலேயே தலைக்கு இரண்டு பாட்டில் சேர்த்திருந்தார்கள். வேண்டாம் என்றால், "வெச்சுட்டுப் போங்க மேடம், குடிக்காட்டி போகுது" என்கிறார் மேலாளர். பாட்டில் மேஜைக்கு வராது, அதற்கான காசு கழிக்கப்படும் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிய பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பணம் கைமாறிவிட்டால் நம் பேச்சு எடுபடாது. இருபது லிட்டர் கேன்களும் வாடகைப் பாத்திரக் கடையின் எவர்சில்வர் டம்ளர்களும் போதுமானதாக இருந்தன. கழுவ ஆள் அந்தக் கடையிலேயே கிடைக்கும், டம்ளரோடு சேர்த்துப் பேசிவிடுங்கள்.

டீ கப்பில்தான் ஏமாற்றப் பார்த்தார்கள். "பேப்பர் கப்புங்க, மக்கிடும்" என்றார் சமையல் கான்டிராக்டர். ஒரு கப்பை வாங்கி வந்து ராத்திரி முழுக்கச் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் காகிதம் கூழாகிவிட்டது. உள்பக்கத்திலிருந்து வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் அப்படியே உரிந்து கையில் வந்தது. இந்த மாதிரி கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. காட்டியதும், சோள மாவில் செய்தது என்று வேறொன்றைக் கொண்டுவந்தார். அது மக்க வேண்டுமென்றால் அறுபது டிகிரி அளவுக்குச் சூடு நிற்கும் உரத் தொழிற்கூடம் வேண்டும், தோப்பின் எருக்குழியில் மக்காது. டீக்கும் எவர்சில்வர் டம்ளர்தான் என்று முடித்துவிட்டேன்.

பரிசுக்கு மஞ்சப்பை சொல்லியிருந்தோம். வந்து இறங்கினால் ஒவ்வொரு பையும் தனித்தனி பாலித்தீன் கவருக்குள்! அத்தனையையும் பிரித்து, கவர்களை அதே வண்டியில் திருப்பி அனுப்பினேன். "தனிக் கவர் கூடாது, மொத்தமாகச் சாக்கில் கட்டவும்" என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

அடுத்தது உள்ளாட்சி அலுவலகம். உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளில் இருக்கிறது. தோப்பு அந்தக் கணக்கில் வரும். கடிதத்தை நீட்டினால், "கல்யாணமா, கட்சிக் கூட்டமா?" என்று கேட்ட எழுத்தர், இரண்டும் இல்லை என்றதும் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே போனால் மறுபடி அவரிடமே போகச் சொன்னார்கள். விதியின் பக்கத்தை அச்செடுத்து, அந்த வரியைக் கோடிட்டுக் காட்டிய பிறகுதான் முத்திரை விழுந்தது. இரண்டு பிரதி கொண்டுபோங்கள், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

விருந்து முடிந்து இலையும் சோறும் ஒரு பக்கம், அட்டை, காகிதமெல்லாம் இன்னொரு பக்கம் என்று சுத்தமாகப் பிரித்து வைத்திருந்தோம். குப்பை வண்டி வந்தது. இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டப் போனார்கள். ஓடிப்போய் மறித்தேன். "எல்லாம் ஒரே கிடங்குக்குத்தான் போகுது" என்கிறார் போனில் மேற்பார்வையாளர். முத்திரைக் கடிதம் கையில் இருந்ததால் அழுத்திப் பேச முடிந்தது, ஆனாலும் அவர் மசியவில்லை. பாத்திரம் கழுவ வந்திருந்த அக்காதான் வழி சொன்னார்: "ஏன் அம்மணி அவங்ககிட்ட மல்லுக்கட்டறீங்க? எலைய தோட்டத்து மாட்டுக்குப் போடுங்க, மிச்சத்தக் குழில தள்ளுங்க." தோப்புக்காரரும் சந்தோஷமாகச் சம்மதித்தார். அட்டையும் காகிதமும் மறுநாள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. வண்டியை வெறுமனே திருப்பி அனுப்பினோம்.

இப்போது மண்டபத்திலிருந்து பில் வந்திருக்கிறது, பாட்டில் காசையும் சேர்த்து. அந்த மின்னஞ்சலை இணைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருத்தி வரும்வரை பாக்கிப் பணம் போகாது.