ஒற்றைச் சாவி மரக்குழல்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில், டேடன் மில்லர் என்னும் இயற்பியல் அறிஞர் சேகரித்த சுமார் 1,700 குழல்களும் குழல்வகைக் கருவிகளும் பாதுகாக்கப்படுகின்றன. அவர் 1941-இல் காலமானபோது அவை நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. ராயபுரத்து வீட்டில் அமர்ந்து அவற்றின் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கையில், என்னை அதிகம் ஈர்ப்பவை 18-ஆம் நூற்றாண்டின் ஒற்றைச் சாவி மரக்குழல்களே. சாவி என்பது இங்கே, விரலால் அழுத்தித் துளையைத் திறக்கும் சிறு நெம்புகோல்.

அக்காலத்தில் இவ்வகைக் குழலைப் பெரும்பாலும் வெளிர்மஞ்சள் நிறப் பாக்ஸ்வுட் மரத்தில் துண்டு துண்டாகக் கடைந்து, இணைப்புகள் பிளக்காதிருக்க யானைத்தந்த வளையங்கள் பூட்டி, செருகுமுனைகளில் நூல் சுற்றி இறுக்கினார்கள். விரல்துளைகள் ஆறு, அடித்துண்டில் சுண்டுவிரலுக்கென ஒரே ஓர் உலோகச் சாவி. ஏனைய அரைச்சுரங்களைத் துளைகளை மாற்றி மூடியே எடுக்க வேண்டும் என்பது, சாவியே இல்லாத மூங்கில் குழலில் கமகம் வாசிப்பவர்களுக்கு வியப்பாக இராது. ஜெர்மானியக் குழல் கலைஞர் தியோபால்டு போம் 1847-இல் உருளை வடிவ உட்துளையும் பெரிய விரல்துளைகளும் கொண்ட குழலை உருவாக்கிய பின், அடிநோக்கிக் குறுகும் இப்பழைய குழல் மெல்ல ஒதுங்கியது. ஒலி வலுத்தது, குழைவு குறைந்தது என்பதே என் கருத்து.

பழங்குழலை வாசிக்கக் காப்பாளர்கள் எளிதில் இசைவதில்லை. மூச்சின் ஈரத்தில் உட்புறம் உப்ப, வெளிப்புறம் வறண்டே இருப்பதால் மரம் வெடித்துவிடும். மழைக்காலத்தில் கதவே சட்டத்தில் சிக்கிக்கொள்ளும் எங்கள் கடலோரத்தில் யாரிடமாவது பழைய மரக்குழல் இருந்தால், பூட்டிய நிலையில் விடாமல், துண்டுகளைப் பிரித்து, உட்புறத்தைத் துடைத்து வைப்பது நல்லது.