ஆங்கிலிக்க இறையியல் ஒப்பீட்டுக் கேள்வி: ‘நடுவழி’ என்று தொடங்காதீர்கள்

இங்கிலாந்துத் திருச்சபையின் மரபான ஆங்கிலிக்க இறையியலைக் கத்தோலிக்க, லுத்தரன், கால்வினிய மரபுகளோடு ஒப்பிடச் சொல்லித் தேர்வில் கேட்டால், ‘ரோமுக்கும் (கத்தோலிக்கம்) ஜெனீவாவுக்கும் (கால்வினியம்) இடையே போகும் நடுவழி’ என்று தொடங்கி அதையே மூன்று பக்கத்துக்கு நீட்டுகிறவர்கள் பலர். மதிப்பெண் அங்கேயே போய்விடுகிறது. நடுவழியை ஒரு கோட்பாடாக வளர்த்தெடுத்தவர் 19-ஆம் நூற்றாண்டில் அப்போது ஆங்கிலிக்கக் குருவாக இருந்த நியூமன். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சீர்திருத்தக்காரர்கள் தங்களைச் சீர்திருத்தத் தரப்பாகவே எண்ணினார்கள். நீதிமானாக்கப்படுதல் (பாவி தேவன்முன் நீதிமானாவது) பற்றி, இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாட்டு அறிக்கையான 39 ஆர்ட்டிகிள்களில் 11-ஆவதையும், 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் டிரெண்ட் சங்கம் தந்த ஆணையையும் அடுத்தடுத்துப் படியுங்கள். விசுவாசத்தினால் மாத்திரமே என்ற இடத்தில் கேன்டர்பரி (ஆங்கிலிக்கம்), விட்டன்பர்க்கோடு (லுத்தரன்) நிற்கிறது. நடுவே நிற்க இடமே இல்லை.

மூலநூல்கள் இல்லாமல் இந்தக் கேள்வியைத் தொடவே வேண்டாம். ஆங்கிலிக்கத் தரப்புக்கு 1571-இன் 39 ஆர்ட்டிகிள்கள், 1662 பொது ஜெப புத்தகம், 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலிக்க இறையியலாளர் ஹூக்கரின் திருச்சபை ஒழுங்கு பற்றிய நூலில் ஐந்தாம் புத்தகம் (1597). எதிரே வைக்க, கத்தோலிக்கருக்கு டிரெண்டின் 4, 6, 13-ஆம் அமர்வுகள், லுத்தரன்களுக்கு ஆக்ஸ்பர்க் அறிக்கை (1530), கன்கார்ட் வாய்பாட்டின் ஏழாம் பகுதி (1577), கால்வினியருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில் 1, 21, 29-ஆம் அதிகாரங்கள் (1646). முழுவதையும் படிக்கப் பார்த்தால் தேர்வு வந்துவிடும், இவ்வளவு போதும்.

திருவிருந்திலிருந்து தொடங்குங்கள். நான்கு மரபுகளும் தெளிவாகப் பிரிவது இங்கேதான். பொது ஜெப புத்தகத்தின் ஒவ்வொரு பதிப்பிலும் அப்பம் கொடுக்கும்போது சொல்லும் வார்த்தைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1549-இல், ‘உனக்காகக் கொடுக்கப்பட்ட நம்முடைய கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் சரீரம் உன் சரீரத்தையும் ஆத்துமாவையும் நித்திய ஜீவனுக்கென்று காப்பதாக’ என்ற பொருளில் இருந்தது. 1552-இல் அது போய், ‘கிறிஸ்து உனக்காக மரித்ததை நினைவுகூர்ந்து இதை வாங்கிப் புசி, விசுவாசத்தினால் உன் இருதயத்தில் அவரைப் புசி’ என்று வந்தது. 1559-இல் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள், 1662-இலும் அப்படியே. திருவிருந்தை வாங்க முழங்காற்படியிடுவது அப்பத்தையோ இரசத்தையோ ஆராதிப்பது அல்ல என்ற குறிப்பும் 1552-இல் சேர்ந்தது, 1559-இல் நீங்கியது, 1662-இல் திரும்பியது. திரும்பியபோது ஒரு மாற்றம்: முன்பு ‘உண்மையான’ பிரசன்னத்தை மறுத்த இடத்தில், இப்போது ‘சரீரப்பிரகாரமான’ பிரசன்னத்தை மட்டும் மறுத்தது. அந்த ஒரு சொல்லை எடுத்துக்காட்டும் விடை தனியாகத் தெரியும்.

அடுத்து ஆர்ட்டிகிள்கள். 28-ஆவது பொருள்மாற்றத்தை (அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன என்ற கத்தோலிக்கப் போதனையை) மறுக்கிறது. ஆனாலும் கிறிஸ்துவின் சரீரம் ‘கொடுக்கப்படுகிறது’ என்கிறது, பரலோக, ஆவிக்குரிய முறையில் மட்டும். எனவே வெறும் ஞாபகச் சின்னம் என்று எழுதினால் தவறு. 25-ஆவது அதை நேராகவே மறுக்கிறது. 29-ஆவதோ, அவிசுவாசி கிறிஸ்துவைப் பெறுவதில்லை என்கிறது. தகுதியில்லாதவனும் கிறிஸ்துவின் மெய்யான சரீரத்தை வாயினால் பெறுகிறான் என்பது கன்கார்ட் வாய்பாடு. லுத்தரன் மரபோடு உறவு முறியும் இடம் இதுதான். 1563-இல் அச்சேறாத இந்த ஆர்ட்டிகிள் 1571-இல்தான் இடம்பெற்றது.

அதிகாரம் பற்றிய பகுதியில், வேதாகமம், பாரம்பரியம், பகுத்தறிவு என ‘முக்காலியின் மூன்று கால்’ உவமையை ஹூக்கர் தலையில் கட்டாதீர்கள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. வேதாகமம் தெளிவாகச் சொல்வது முதலில், பகுத்தறிவால் கட்டாயமாகப் பெறப்படுவது அடுத்து, அதன்பின் திருச்சபையின் குரல் என்று வரிசைப்படுத்துகிறார். மூன்றும் சம உயரம் அல்ல. வேதத்தையும் பாரம்பரியத்தையும் சமமான பக்தியோடு ஏற்கச் சொல்லும் டிரெண்டின் நான்காம் அமர்வோடு இதை ஒப்பிடுங்கள். மறுபக்கம், வேதம் கட்டளையிட்டது மட்டுமே ஆராதனையில் வரலாம் என்பது வெஸ்ட்மின்ஸ்டர். வேதத்துக்கு விரோதமாக இல்லாவிட்டால் திருச்சபை சடங்கு நியமிக்கலாம் என்பது 20-ஆம் ஆர்ட்டிகிள். ஞானஸ்நானத்தில் சிலுவை அடையாளம், வெள்ளை அங்கி, திருமண மோதிரம் ஆகியவற்றை இங்கிலாந்தின் கால்வினியச் சார்புச் சீர்திருத்தக்காரர்களான பியூரிட்டன்கள் எதிர்த்ததன் காரணம் இதுவே. இதில் லுத்தரன்கள் ஆங்கிலிக்கர் பக்கம்; அவர்களைக் கால்வினியரோடு ஒரே கட்டத்தில் போட்டுவிடாதீர்கள்.

யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானிக்கிறார் என்ற முன்குறித்தலுக்கு ஒரு பத்தி போதும். 17-ஆவது ஆர்ட்டிகிள் ஜீவனுக்கென்று தெரிந்துகொள்ளப்படுவதைப் பேசி, ஆக்கினைக்கென்று முன்குறிப்பதைப் பற்றி மௌனம் காக்கிறது. இதே பொருளில் இன்னும் கடுமையாக எழுதப்பட்ட 1595 லாம்பெத் ஆர்ட்டிகிள்களுக்கு அரச ஒப்புதல் கிடைக்கவில்லை.

பேராயர் பதவிக்கு நேரம் ஒதுக்குங்கள். திருச்சபை எது என்று சொல்லும் 19-ஆம் ஆர்ட்டிகிளில் பேராயர் என்ற சொல்லே இல்லை. ஆனால் குருத்துவ அபிஷேக முறையின் முன்னுரை, மூன்று ஊழிய நிலைகளும் அப்போஸ்தலர் காலந்தொட்டு உள்ளவை என்கிறது. பேராயர் திருச்சபையின் சாரமா (அவரின்றித் திருச்சபையே இல்லையா), அதன் நலனுக்கு மட்டுமா என்ற விவாதம் இந்த இடைவெளியில்தான் பிறந்தது. 1896-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ, அந்த அபிஷேக முறையின் வடிவமும் நோக்கமும் குறையுடையவை என்று கூறி ஆங்கிலிக்கக் குருத்துவம் செல்லாது என அறிவித்தார். மறு ஆண்டே இங்கிலாந்தின் கேன்டர்பரி, யார்க் தலைமைப் பேராயர்கள் பதில் எழுதினார்கள். நம் மண்ணில் இதே விவாதம் 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் நேரடியாக எழுந்தது: பேராயர் முறை ஏற்கப்பட்டது, ஆனால் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் ஆயர்கள் மறு அபிஷேகம் இல்லாமலே சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.