டிப்ளோமா முடிந்தது, அலுவலகக் கோவை நகரவில்லை

ஒரு வழியாகப் பதவியுயர்வின் நிலுவைக் காசு போன கிழமை கணக்குக்கு வந்துவிட்டது. பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யலாமா, போட்ட காசு திரும்ப வருமா என்று எங்கள் பக்கத்து இளம் ஆசிரியர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். வரும். ஆனால் காசு எங்கே போகும், எங்கே மாட்டிக்கொள்ளும் என்று சேர முதலே தெரிந்து வைத்திருங்கள்.

நான் இலங்கையில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் வரலாறு படிப்பிக்கிறேன். கலைப் பட்டத்தோடு ஆசிரியர் சேவையின் 3-I (அ) தரத்தில் நியமனம் கிடைத்தது. அதற்கு மேலுள்ள 2-II தரத்துக்குப் போக டிப்ளோமா வேண்டும். லீவு எடுத்து முழுநேரமாகப் படிக்கலாம்தான். பாடத்துக்கு நான் ஒருத்தி மட்டும் இருக்கிற பள்ளிக்கூடத்தில் எந்த அதிபர் அதற்குச் சிபாரிசு எழுதுவார்? ஆகவே சனி, ஞாயிறு வகுப்பு, வவுனியாவில்.

கட்டணத்துக்குக் காப்பை வங்கியில் அடகு வைத்தேன். எல்லாரும் கணக்குப் பார்ப்பது இந்தக் கட்டணத்தை மட்டும்தான். எனக்கு அதைவிடப் பெரிய அடி ரியூசன். சனி, ஞாயிறில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்திருந்தேன். நான் நிற்பாட்டிய கையோடு பிள்ளைகள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார்கள், படிப்பு முடிந்து வந்த பிறகும் அந்தக் கூட்டம் திரும்பவில்லை. அந்த இழப்பையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். போக்குவரத்தையும் எழுதுங்கள். மாங்குளம் வரை ஒரு பஸ், அங்கிருந்து ஏ9 இல் இன்னொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ் மாங்குளத்துக்கு வரும்போதே நிறைந்துதான் வரும், வவுனியா வரை நின்றபடி. சனி இரவு சின்னம்மா வீட்டில் தங்கினேன். அப்படி ஒரு வீடு இல்லாதவர்கள் தங்கும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒப்படை, கற்பித்தல் பயிற்சி, பரீட்சை எல்லாம் ஒழுங்காக முடிந்தன. கூத்து அதற்குப் பிறகுதான்.

பெறுபேறு வந்ததும் பதவியுயர்வு விண்ணப்பத்தை அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினேன். மாதக்கணக்காக ஒரு பதிலும் இல்லை. நேரே போனேன். ஆசிரியர்களின் அலுவல்களைப் புதன்கிழமைதான் பார்ப்பார்களாம், அதனால் போகிற ஒவ்வொரு தரமும் ஒரு லீவு போகும். பொறுப்பான உத்தியோகத்தர் என் கடிதங்கள் எல்லாம் கோர்த்த கோவையைப் பிரட்டினார்.

"ரீச்சர், உங்கட பட்டத்தை உறுதிப்படுத்தின கடிதம் இதில இல்லை. அது இல்லாமல் ஒண்டும் செய்யேலாது."

"நியமனம் கிடைச்ச நேரமே குடுத்தனான் சேர்."

"அப்ப பழைய வலயத்தில இருந்து வரேல்லை. அங்க போய்க் கேளுங்கோ."

இடமாற்றத்துக்கு முதல் நான் இருந்த பழைய வலயத்துக்குப் போனால், எல்லாம் அனுப்பியாயிற்று என்றார்கள். அங்கிருந்த அக்கா ஒருவர் நல்ல மனுசி. அனுப்பிய பதிவேட்டையே எடுத்து விரித்தார். என் கோவை, பக்கம் 1 முதல் 61 வரை, பாரமெடுத்தவரின் கையெழுத்து, திகதி, எல்லாம் இருந்தன. போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டேன், சரி என்றார்.

அடுத்த புதன், கோவையை என் முன்னால் ஒருக்கால் எண்ணிப் பாருங்கள் என்று கேட்டேன். முகம் சுளித்தார், ஆனாலும் எண்ணினார். தாள்களின் மேல்மூலையில் சிவப்புப் பேனாவால் இலக்கம் போட்டிருந்தது. 22 க்குப் பிறகு 25. நான் போனை நீட்டினேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவர், எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து இன்னொரு கோவையோடு வந்தார். என் பெயரும் முதலெழுத்துமே உள்ள இன்னொரு ரீச்சரின் கோவை. அதற்குள் என் 23 ஆம், 24 ஆம் தாள்கள் பவுத்திரமாகக் கோர்க்கப்பட்டிருந்தன. மன்னிப்பாக ஒரு 'சொறி' கூட வரவில்லை. "கிடைச்சிட்டுதானே ரீச்சர்" என்றார்.

அலுவலகத்துக்கு எதைக் கொடுத்தாலும் இன்னொரு பிரதி கொண்டுபோய் அதில் 'கிடைக்கப்பெற்றது' முத்திரையும் திகதியும் வாங்குங்கள். இடமாற்றம் எடுத்தால் உங்கள் கோவை எத்தனை பக்கத்தோடு போகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

அப்புறம் திகதிச் சண்டை. பட்டமளிப்பு விழா பெறுபேறு வந்து எவ்வளவோ பிந்தித்தான் நடந்தது. விழாத் திகதியிலிருந்துதான் பதவியுயர்வு என்று ஒரு கணக்கைப் போட்டு வைத்திருந்தார்கள். டிப்ளோமா வலுவுக்கு வரும் திகதி என் பெறுபேற்றுத் தாளில் தனியாக இருந்தது. அதைக் காட்டினால் போதவில்லை, பதிவாளரிடமிருந்து கடிதம் எடுத்து, பணிப்பாளருக்கு எழுத்தில் மேன்முறையீடு கொடுத்த பிறகுதான் திருத்தினார்கள். சில மாதத்துக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்று வீட்டிலேயே கேட்டார்கள். சம்பளம் ஏறுவது படிப்படியாக. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆனது. அப்படி ஒரு திருத்தம் வரும்போது நாங்கள் நிற்கிற சம்பளப் படிநிலையை வைத்துத்தான் புதுச் சம்பளம் போடுவார்கள். ஒரு படி கீழே நின்றால் ஓய்வூதியம் வரைக்கும் அந்தக் குறை கூடவே வரும். மாதம் கூடுகிற சில ஆயிரத்தை மட்டும் பார்த்து இதெல்லாம் வீண் என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

உயர்தரம் முடித்த பிள்ளைகளின் தாய் தகப்பன் கேட்டால் என் பதில் வேறு. வவுனியா பூந்தோட்டத்தில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. மூன்று வருடத்தில் இரண்டு விடுதியிலிருந்து படிப்பு, மற்றது பள்ளிக்கூடத்தில் உள்ளகப் பயிற்சி. முடித்தால் ஆசிரியர் நியமனம். தொடங்குகிற தரம் பட்டதாரியைவிடக் கீழே, உண்மைதான். ஆனால் பட்டதாரி, அரசாங்கம் ஆட்சேர்ப்பு அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டும். வேலை கேட்டுக் கொட்டில் போட்டு இருந்த பட்டதாரிகளை நாங்கள் கண்டிருக்கிறோம். கையில் காசில்லாத குடும்பம் முதலில் கல்லூரிக்கு அனுப்பட்டும், பிள்ளை சம்பளம் எடுத்துக்கொண்டே பிறகு பட்டம் செய்யலாம்.

நிலுவைக் காசில் காப்பை மீட்டுவிட்டேன். வட்டி போக மிஞ்சியது ரியூசன் இழப்பில் பாதியைக் கூட அடைக்காது. மிச்சத்தை இனி வரும் சம்பளம்தான் அடைக்க வேண்டும். இப்போது பார்த்தால் சம்பள ஏற்றத் திகதி இன்னும் பழையபடியே கிடக்கிறது, அதற்கு வேறு படிவமாம். வருகிற புதனுக்கும் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.