விஎம் உள்ள தேடுனது ஹோஸ்ட்ல இருந்துச்சு

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக்கடை, அவங்க பில்லிங் ஓடுறது ஒரு கேவிஎம் விஎம்ல, அதாவது ஒரு லினக்ஸ் மெஷினுக்குள்ள (ஹோஸ்ட்) ஓடுற மெய்நிகர் கம்ப்யூட்டர்ல (கெஸ்ட்). தீபாவளி நேரத்துல பில் போடும்போது அப்பப்ப நின்னு நின்னு வருதுன்னு கடை அண்ணே ஃபோன் மேல ஃபோன். விஎம் உள்ள டாப் கமாண்ட் போட்டுப் பாத்தா எஸ்டிங்கிற பத்தியில (விஎம் கேட்டும் ஹோஸ்ட் சிபியு குடுக்காத நேரம்) 1, 2 சதவீதம் தான் காட்டுது, அது சராசரி, அதை நம்பி விட்ருக்கக் கூடாது.

சரின்னு கெஸ்ட்லயும் ஹோஸ்ட்லயும் தனித்தனியா எஃப்டிரேஸ் (கெர்னல் உள்ள நடக்குறதை நேரத்தோட பதியுறது) எடுத்தேன். கெஸ்ட் டிரேஸ்ல நம்ம புரோகிராம் சிபியுலயே இருக்கு, ஸ்கெட்_ஸ்விட்ச் (சிபியு வேற வேலைக்கு மாறுன பதிவு) எதுவும் இல்ல, ஆனா நடுவுல 11 மில்லிசெகண்ட் ஒண்ணுமே பதிவாகல. அந்த நேரம் ஹோஸ்ட்ல என்ன நடந்துச்சுன்னு பாக்கலாம்னா ரெண்டு டிரேஸ் நேரமும் ஒட்டவே இல்ல, ஒவ்வொண்ணும் அது அது பூட் ஆனதுலருந்து எண்ணுது. கண்ணால பொருத்திப் பாத்தே ஒரு ராத்திரி போச்சு.

அப்புறம் ரெண்டு பக்கமும் டிரேஸ் கிளாக்கை எக்ஸ்86-டிஎஸ்சி (சிபியுவுக்குள்ளயே இருக்குற எண்ணி) ஆக்கினேன். டீபக்எஃப்எஸ் உள்ள கேவிஎம் ஃபோல்டர்ல ஒவ்வொரு விசிபியுக்கும் (விஎம்மோட மெய்நிகர் சிபியு) டிஎஸ்சி-ஆஃப்செட்னு ஒரு ஃபைல் இருக்கு, ரெண்டு எண்ணிக்கும் உள்ள வித்தியாசம், கெஸ்ட் நேரத்துலருந்து அதைக் கழிச்சா ஹோஸ்ட் நேரம் வந்துரும் (எனக்கு மைனஸ்ல இருந்துச்சு, அதனால கூட்டுற மாதிரி ஆயிருச்சு. டிஎஸ்சி ஸ்கேலிங், அதாவது கெஸ்ட் எண்ணி வேற வேகத்துல ஓடுறது, இருந்தா இந்தக் கணக்கு மட்டும் பத்தாது). மறுநாள் கையால கணக்குப் போடாம கெஸ்ட்ல டிரேஸ்-சிஎம்டி (எஃப்டிரேஸை ஓட்டுற டூல்) ஏஜென்ட்டை ரூட்டா ஓடவிட்டு, ஹோஸ்ட்லருந்தே ரெண்டையும் சேர்த்து ரெக்கார்டு பண்ணேன். இதுக்கு விசாக் (ஹோஸ்ட்டும் கெஸ்ட்டும் பேசிக்கிற வழி) வேணும், ஹோஸ்ட்ல விஹோஸ்ட்_விசாக் மாட்யூல் ஏத்தணும், விஎம்முக்கு ஒரு சிஐடி (விசாக்ல அதோட முகவரி எண்) குடுக்கணும், 0, 1, 2 ஏற்கனவே எடுத்தாச்சு, 3லருந்து குடுங்க.

டிரேஸைப் படமாக் காட்டுற கெர்னல்ஷார்க்ல ரெண்டையும் ஒண்ணா விரிச்சதும் தெரிஞ்சுபோச்சு. அந்த 11 மில்லிசெகண்ட் ஆரம்பத்துல ஹோஸ்ட்ல ஒரு கேவிஎம்_எக்ஸிட் (கெஸ்ட்டை நிறுத்தி ஹோஸ்ட்டுக்கு வர்றது), காரணம் வெளி இன்டரப்ட், உடனே ஸ்கெட்_ஸ்விட்ச், விசிபியு திரெட் ஆர் நிலையில வெளிய போகுது, அதாவது ஓடத் தயாரா இருந்தும் எறக்கிவிட்டாச்சு. அங்கிட்டு ஏறி உக்காந்தது பேக்கப்பைச் சுருக்குற ஜிஜிப். அது முடிஞ்சதும் திரும்ப கேவிஎம்_என்ட்ரி, இங்கிட்டு கெஸ்ட்ல அடுத்த வரி. கெஸ்ட்டுக்குள்ள எத்தனை நாள் தேடியிருந்தாலும் இது சிக்கியிருக்காது.

விஎம்மை நிர்வகிக்கிற விர்ஷ் கமாண்ட்ல விசிபியுவை ரெண்டு கோர்ல பின் பண்ணி, பேக்கப்பை டாஸ்க்செட் வச்சு வேற கோருக்குத் தள்ளி, திரும்ப ஒரு டிரேஸ் எடுத்தேன், அந்த இடைவெளி இல்ல. சாயங்காலம் அண்ணே கூப்ட்டாரு, "தம்பி, இப்ப தடங்கல் இல்லாம வருதுப்பா"ன்னாரு.