மிதக்கும் கட்டடத்தில் அளவுகோலை எங்கே வைப்பது?

மிதக்கும் கட்டடத்துக்குள் நிற்பவருக்குக் கடல் உயர்வது தெரியாது. தண்ணீர் ஏறினால் தரையும் கூடவே ஏறிவிடும். கடல்மட்ட உயர்வை மக்களுக்குக் காட்டுவதற்காகவே இப்படிக் கட்டுபவர்கள் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான். பலர் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில், ரைன்ஹாஃபன் துறைமுகத்தில் 2010இல் மூன்று குமிழ்கள் கொண்ட மிதக்கும் மண்டபம் ஒன்று வந்தது. அதன் அடித்தளம் தெர்மாகோலும் கான்கிரீட்டும் சேர்ந்தது. கூரைக்குக் கண்ணாடியைவிடப் பல மடங்கு இலேசான இடிஎஃப்இ என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் படலம். இந்த இரண்டு தேர்வுகளுமே சரியானவை. வெற்றுக் கான்கிரீட் பெட்டியில் விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். உள்ளே தெர்மாகோல் நிரம்பியிருந்தால் புக இடமில்லை. மேலே எடை குறையக் குறையச் சாய்வும் குறையும்.

சாய்வைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 10க்கு 10 மீட்டர் மிதவை, மொத்த எடை 50 டன் என்று வைத்துக்கொள்வோம். அது அரை மீட்டர் அமிழும். 70 கிலோ வீதம் 100 பேர் ஏறினால் இன்னும் 7 செ.மீ. இறங்கும். எல்லோரும் படகு பார்க்க ஒரே பக்கம் ஓடினால், எடைமையம் அடியிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது, அந்த விளிம்பு சுமார் 20 செ.மீ. தாழும். மிதவையை நிமிர்த்தும் வலு அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. அகலத்தைப் பாதியாக்கினால் அது எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே செலவைக் குறைக்க வேண்டுமானால் உயரத்தைக் குறையுங்கள், அகலத்தில் கை வைக்காதீர்கள்.

நைஜீரியாவின் லாகோஸ் காயலில் பிளாஸ்டிக் பீப்பாய்கள் மேல் நின்ற மக்கோக்கோ மிதக்கும் பள்ளி 2013இல் முடிந்து, 2016 ஜூனில் பெருமழையில் சரிந்தது. மாணவர்கள் முன்பே வெளியேற்றப்பட்டிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. உலகம் முழுவதும் பேசப்பட்ட கட்டடம் அது. மிதக்கும் கட்டடத்தைத் திறந்துவைத்த பிறகும் விடாமல் பராமரிக்க வேண்டும் என்பதை அங்கிருந்து கற்க வேண்டும்.

இனி அளவுகோல். மிதவை பக்கவாட்டில் நகராமலும் மேலும் கீழும் தடையின்றி ஏறி இறங்கவும் தரையில் ஊன்றிய தூண்களில் வளையம் மாட்டிக் கட்டுவார்கள். நெதர்லாந்தின் மாஸ்போமல் ஊரில், சாதாரண நாளில் தரையில் நின்று வெள்ளம் வந்தால் மிதக்கும் வீடுகள் இப்படி 5.5 மீட்டர் வரை உயரலாம். தூண் குட்டையாக இருந்தால் பெருவெள்ளத்தில் வளையம் கழன்று கட்டடமே மிதந்து போய்விடும். அங்கே அசையாமல் நிற்பது அந்தத் தூண் ஒன்றுதான். குறிகளை அதில்தான் போட வேண்டும்.

மிதவையில் ஓர் அம்பை வைத்துத் தூணைக் காட்டச் செய்வது அழகாக இருக்கும், ஆனால் தவறான எண்ணைக் காட்டும். கடல் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. வீதம் உயர்ந்தது. மேலே சொன்ன 100 பேர் ஏறியதும் அம்பு 7 செ.மீ. இறங்குகிறதே, அது அந்த வீதத்தில் ஏறத்தாழ 19 ஆண்டு உயர்வுக்குச் சமம். தூணை நீர் தொடும் கோட்டையே நேராகப் படிக்க வேண்டும். அலை அடித்துக் கோடு கலங்காமலிருக்க, அடியில் சிறு துளையிட்ட ஒளிபுகும் குழாயைத் தூணோடு பொருத்தினால் உள்ளே நீர் அமைதியாக நிற்கும்.

அதைவிடப் பெரிய பிழை, எதிர்கால உயர்வைக் காட்டும் குறிகளைச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அளப்பது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி 2100வாக்கில், 1995–2014 சராசரியோடு ஒப்பிட, உமிழ்வு மிகக் குறைந்தால் 28–55 செ.மீ., மிக அதிகமானால் 63–101 செ.மீ. உயர்வு நேரலாம். அன்றாடம் கடல் பொங்கி வற்றும் ஓத ஏற்ற இறக்கமே ஒன்றரை மீட்டரைத் தாண்டும் துறையில், உயர் ஓத வேளையில் வருபவர் 28, 55 குறிகள் ஏற்கெனவே மூழ்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, இதனால் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்துப் போவார். குறிகளை இன்றைய சராசரி உயர் ஓதத்துக்கு மேலே அடுக்குங்கள். அந்த ஊரில் நிலம் தாழ்கிறதென்றால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

குறிகளைப் பெயிண்டில் எழுதினால் பாசியும், ஒட்டி வளரும் கொட்டலசு உயிரிகளும் மூடிவிடும். வெட்டெழுத்துள்ள தகடுகளைப் பூட்டி, குழாயின் துளையையும் சேர்த்து மாதம் ஒருமுறை சுரண்டித் துப்புரவு செய்ய ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.