கடை கம்ப்யூட்டரில் புகுந்த ஆட்டோஇட்

"அண்ணா, நேத்து இங்க பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன்ல, இன்னிக்கு காலேஜ்ல போட்டா எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டா இருக்குண்ணா. வைரஸ்னு சொல்லி திறக்கவே விடமாட்டேங்குது."

காலடிப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ப்ராஜெக்ட் சீசனில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பென் டிரைவ் எங்கள் சிஸ்டத்தில் ஏறி இறங்கும். அந்தப் பெண் நீட்டிய பென் டிரைவைச் சொருகிப் பார்த்தேன். ஃபோல்டர் படங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் இடது கீழ் மூலையிலும் பொடியாக ஒரு அம்புக்குறி. அளவு ஒன்றிரண்டு கேபி. நிஜ ஃபோல்டர்கள் கண்ணில் படவில்லை.

எங்கள் கடையிலிருந்துதான் போயிருக்கிறது என்ற சந்தேகம் வந்ததும் வயிற்றைக் கலக்கியது. இந்த சிஸ்டத்தில்தான் ஊர்க்காரர்களின் ஆதார், பாஸ்புக், மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறேன்.

சிஸ்டத்தில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். வரிசையில் ஆட்டோஇட்3 என்று ஒரு இஎக்ஸ்இ, அதாவது புரோகிராம் ஃபைல், ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்டதே இல்லை. அதன்மேல் ரைட் கிளிக் செய்து ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்தால், சி டிரைவில் மறைத்து வைக்கப்பட்ட ஒரு ஃபோல்டருக்குப் போனது. முறையாக நிறுவிய புரோகிராம் பெரும்பாலும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். இது ஏன் தனியாக ஒளிந்துகொண்டிருக்கிறது? இந்தக் கேள்வியை நான் அங்கேயே கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும்.

பிடிக்கவில்லை. பெயரைத் தேடினேன். ஆட்டோஇட் என்பது விண்டோஸில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் ஸ்கிரிப்ட் மொழி, இருபது வருடத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கும் நல்ல மென்பொருள் என்று தெரிந்தது. ப்ராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர் பார்த்தேன், அதைத் தயாரிப்பவர்களின் கையெழுத்து செல்லும்படியாகவே இருந்தது. அடுத்து விண்டோஸில் கட்டளை தட்டும் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளை கொடுத்து ஹேஷ் எடுத்தேன். எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி, 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை. ஃபைலுக்குள் ஒரு புள்ளி மாறினாலும் வரிசை முழுக்க வேறாகிவிடும். அதை வைரஸ்டோட்டல் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டினேன். 2004-ல் ஸ்பெயினில் தொடங்கி, 2012-ல் கூகுள் வாங்கிய சேவை அது. எழுபது ஆன்டிவைரஸ் அளவுக்கு ஒரே இடத்தில் தீர்ப்புச் சொல்லும். ஒன்றுகூட சிவப்பு காட்டவில்லை.

அப்பாடா என்று விட்டுவிட்டேன். அதுதான் தப்பு.

மறுநாள் மனசு கேட்கவில்லை. என் பழைய பென் டிரைவ் ஒன்றை ஃபார்மட் செய்து, சும்மா இரண்டு ஃபோல்டர் போட்டுச் சொருகினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டிலும் அம்புக்குறி முளைத்துவிட்டது.

அப்புறம்தான் டாஸ்க் மேனேஜரில் 'கமாண்ட் லைன்' என்ற பத்தியைக் காட்டச் சொன்னேன். தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்தால் கிடைக்கும். ஓடும் புரோகிராமை என்ன சொல்லி எழுப்பியிருக்கிறார்கள் என்பதை அது காட்டிவிடும். ஆட்டோஇட் பெயருக்குப் பின்னால் அதே ஃபோல்டரில் இருந்த இன்னொரு ஃபைலின் பெயர் நின்றது. அது ஒரு ஸ்கிரிப்ட். ஆட்டோஇட் கையில் கொடுத்த சீட்டில் எழுதியிருப்பதை அப்படியே செய்யும் வேலையாள். வேலையாள்மேல் குற்றமில்லை, சீட்டை எழுதியவன்தான் திருடன். நான் வேலையாளின் அடையாள அட்டையை மட்டும் மூன்று விதமாகச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஸ்கிரிப்டின் ஹேஷை எடுத்துப் போட்டதும் வரிசையாகச் சிவப்பு.

சிவப்பு வந்தாலே விஷம் என்றும் சொல்லிவிட முடியாது. பிடிஎஃப்களை ஒட்ட நான் வைத்திருக்கும் சின்ன மென்பொருளுக்கு இரண்டு சிவப்பு வந்தது. இரண்டும் 'ஜெனரிக்' வகைப் பெயர்கள், அதாவது இன்ன வைரஸ் என்று சொல்லாமல் ஜாடையை வைத்துச் சந்தேகப்படுவது. தயாரித்தவரின் தளத்திலிருந்தே மறுபடி இறக்கி ஹேஷை ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றுதான், வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. வைரஸ்டோட்டலில் எடுத்த எடுப்பில் ஃபைலை ஏற்றாதீர்கள், முதலில் ஹேஷைத் தேடுங்கள். ஏற்றும் ஃபைல் பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படும், காசு கட்டும் வாடிக்கையாளர்கள் அதை இறக்கிக்கொள்ளவும் முடியும். யாரோ ஒருவரின் ஆதார் ஸ்கேனை வைரஸ் இருக்கிறதா பார்க்கலாம் என்று அங்கே ஏற்றுவது பெரிய அநியாயம்.

நெட் வயரைப் பிடுங்கினேன். முந்தின நாளே பிடுங்கியிருக்க வேண்டும். ஆட்டோஇட்டை நிறுத்தி, ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் ஒட்டிக்கொண்டிருந்த ஷார்ட்கட்டை அழித்து, அப்புறம் மறைவு ஃபோல்டரையும் அழித்தேன். பிறகு விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் முழுசாக எழும் முன்னால் தேடுவதால் ஓடிக்கொண்டிருக்கும் வைரஸால் ஒளிய முடியாது. கடைசியாக மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோரன்ஸ் கருவியை வைத்து, சிஸ்டம் எழும்போது கூடவே எழுபவை எவை என்று வரி வரியாகப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த ஸ்கிரிப்ட் இத்தனை நாளில் வேறு என்ன செய்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஊர்க்காரர்களின் காகிதம் புழங்கும் சிஸ்டம். அந்த ஞாயிற்றுக்கிழமையே ஃபார்மட் செய்துவிட்டேன், பாஸ்வேர்டுகளை என் போனிலிருந்து மாற்றினேன்.

ஃபார்மட்டுக்குப் பிறகு முதல் வேலையாக ஃபைல்களின் வால் பெயர் (பெயரின் கடைசியில் வரும் .pdf, .exe போன்றவை) தெரியும்படி வைத்தேன். விண்டோஸ் அதைத் தானாகவே மறைத்து வைக்கிறது. மறைந்திருந்தால் பிடிஎஃப் படம் போட்டுக்கொண்டு வரும் இஎக்ஸ்இ-யை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தப் பெண்ணின் பென் டிரைவில் எதுவும் அழியவில்லை. நிஜ ஃபோல்டர்கள் உள்ளேயே மறைக்கப்பட்டிருந்தன. ஷார்ட்கட்களை நீக்கி, 'அட்ரிப்' கட்டளையால் மறைவை எடுத்ததும் ப்ராஜெக்ட் ஃபோல்டர் அப்படியே வந்து நின்றது. "அப்பாடா, தேங்க்ஸ்ணா" என்றாள். என் கடையிலிருந்து போன வைரஸ்தான் அது, மன்னிச்சிடும்மா என்றேன்.

பில் புத்தகத்தில் நம்பர் எழுதிவிட்டுப் போனவர்கள் பதினேழு பேர். அன்று சாயங்காலம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "பென் டிரைவை எதிலயும் சொருகாதீங்க, நேரா கடைக்கு எடுத்துட்டு வாங்க, நானே சுத்தம் பண்ணித் தர்றேன்." பதினோரு பேர் வந்தார்கள். மற்றவர்களை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.